சம்சாரிக்கு ஏற்ற எஸ்.எஸ்.டி.

வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டால் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்து சேருகிறார்கள். "யந்திரத்துக்கு வயதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான்" என்பது ஒன்று. "புதிது வாங்கப் பணத்துக்கு எங்கே போவது? இருப்பதைக் கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்" என்பது மற்றொன்று. முதல் முடிவு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை ஒரே நாளில் விழுங்கிவிடுகிறது. இரண்டாவது முடிவினால் பணம் செலவாவதில்லை. ஆனால் பொத்தானை அமுக்கிவிட்டுக் காப்பி கலந்து, அதைக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் தயாராகாத யந்திரத்தின் முன்னால் வீட்டிலுள்ள எல்லோருடைய பொறுமையும் நாள்தோறும் செலவாகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றியே இந்த வாரம் எழுத எண்ணியிருக்கிறோம்.

யந்திரத்தின் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த ஸ்தானத்தில் ஸாலிட் ஸ்டேட் டிரைவ், சுருக்கமாக எஸ்.எஸ்.டி. என்று வழங்கும் சாதனத்தை வைப்பதே அந்த வழி. புதிய கம்ப்யூட்டரின் விலையில் இது ஒரு சிறு பங்குதான். ஆனால் சிறிய செலவாயினும், ஏமாறுவதற்கு இடம் நிறைய உள்ள செலவு. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களில் பாதி, வாங்குகிறவருக்கு விளங்குவதில்லை. மீதிப் பாதி, அவருக்குத் தேவையில்லை. மேலும் குழந்தைகளின் புகைப்படங்கள், கல்லூரிப் பாடக் குறிப்புகள், நிலப் பத்திரங்களின் பிரதிகள், வரிக் கணக்குகள் ஆகிய எல்லாம் இந்தச் சின்னஞ்சிறு சாதனத்துக்குள்ளேதான் குடியேறப் போகின்றன. ஆகவே கத்தரிக்காய் வாங்கும்போது காட்டும் ஜாக்கிரதையையாவது இதை வாங்கும்போது காட்டுவது நல்லது.

முதலில், பழைய ஹார்ட் டிஸ்க் ஏன் மந்தமாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் உள்ளே கிராமபோன் தட்டைப் போன்ற வட்டத் தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. அதன்மேல் படாமல், மயிரிழைக்கும் குறைந்த உயரத்தில், படிக்கும் முனை ஒன்று முன்னும் பின்னும் நகருகிறது. லேப்டாப்புகளில் இருக்கும் தட்டு சாதாரணமாக நிமிஷத்துக்கு 5,400 தடவை, அதாவது விநாடிக்கு 90 தடவை சுழலும். கேட்பதற்கு இது பிரமாத வேகமாகத் தோன்றலாம். ஆனால் ஏதேனும் ஒரு செய்தியைத் தேடும்போது, முனை உரிய வட்டத்துக்கு நகர வேண்டும். பிறகு உரிய இடம் சுழன்று கீழே வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். இவ்வாறு தேடித் தேடி எடுப்பதென்றால், ஒரு விநாடிக்கு ஐம்பது, அறுபது தடவைக்குமேல் எடுக்க முடிவதில்லை. கம்ப்யூட்டர் விழித்தெழும்போதோ, தட்டின் நாலா பக்கங்களிலும் சிதறிக் கிடக்கும் பல்லாயிரம் சிறு துணுக்குகளை அது எடுத்தாக வேண்டியிருக்கிறது. நம் காப்பி வேளையெல்லாம் எங்கே போகிறது என்பது இப்பொழுது விளங்குகிறதல்லவா?

எஸ்.எஸ்.டி.யில் சுழலுவதும் இல்லை, நகருவதும் இல்லை. மின்னணுக்களைச் சிறைப்படுத்தி வைக்கும் கோடானுகோடி நுண்ணிய அறைகளே அதில் உண்டு. எந்த அறையைக் கேட்டாலும் ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் பதில் வந்துவிடுகிறது. ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் இருந்த புஜியோ மசுவோக்கா என்ற நிபுணர் இவ்வகை 'பிளாஷ்' நினைவகத்தைக் கண்டுபிடித்து 1984-ம் வருஷத்தில் உலகுக்கு அறிவித்தார். இன்று எஸ்.எஸ்.டி.களில் பயன்படும் 'நாண்ட்' என்ற வகையை 1987-ம் வருஷத்தில் அவரது குழுவினர் வெளியிட்டார்கள். 1956-ம் வருஷத்தில் ஐ.பி.எம். கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க் யந்திரத்தில் இரண்டடி அகலமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. அவ்வளவும் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்துக்களைத்தான் தாங்கின. இன்று அதைப்போல் லட்சம் மடங்கு தாங்கும் சாதனத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பலாம்.

நிற்க. கடைக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே செய்ய வேண்டிய பரீட்சை ஒன்று இருக்கிறது. மந்தத்துக்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்தானா என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். விண்டோஸ் உள்ள யந்திரங்களில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று பொத்தான்களையும் ஒருசேர அமுக்கினால் டாஸ்க் மானேஜர் என்ற பலகை திறக்கும். யந்திரம் திணறும் சமயத்தில் அதில் டிஸ்க் என்ற பகுதி நூற்றுக்கு நூறு என்று காட்டிக்கொண்டே இருக்குமானால், நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. டிஸ்க் சும்மா இருக்க, மெமரி என்ற பகுதி நிரம்பி வழியுமானால், எஸ்.எஸ்.டி.யைவிட முதலில் ராம் என்னும் நினைவகத்தைக் கூட்டுவதே தக்க சிகிச்சை. இரண்டும் நிரம்பியிருக்கும் வீடுகளும் உண்டு. அவர்கள் 4 ஜி.பி. ராமை 8 ஜி.பி. ஆக்கி, எஸ்.எஸ்.டி.யும் போட்டுக்கொண்டால், பழைய யந்திரம் இன்னும் சில ஆண்டுகள் கௌரவமாக உழைக்கும்.

2011-ம் வருஷம் முதல் தமிழ்நாடு அரசினர் மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய லேப்டாப்புகள் இன்றும் நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் உறங்குகின்றன. அவற்றில் பல, சுழலும் தட்டு உள்ளவை. "விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனியின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டதே, விண்டோஸ் 11 இந்தப் பழைய யந்திரத்தில் ஏறாதே, அதற்கு எஸ்.எஸ்.டி. எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் லினக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் போட்டு, எஸ்.எஸ்.டி.யும் பொருத்தினால், கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பாடம் கேட்கவும் அந்த யந்திரம் தாராளமாகப் போதும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறோம்: சேமிப்பகம் பலகையோடு பலகையாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும் மலிவு லேப்டாப்புகள் சில உண்டு. அவற்றில் மாற்றுவதற்கே வழி கிடையாது. மூடியைத் திறக்குமுன் யந்திரத்தின் மாடல் எண்ணைக் கொண்டு, அதை உற்பத்தி செய்தவர்களின் பராமரிப்புப் புத்தகத்தைப் பார்த்துவிடுவது உத்தமம்.

அடுத்தது பொருத்தம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், எஸ்.எஸ்.டி.க்கு ஒரே பொருத்தம் பார்த்தால் போதும். ஆனால் அது தவறினால் மற்றதெல்லாம் வீண். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வருவன முக்கியமாக இரண்டு வடிவங்கள். ஒன்று இரண்டரை அங்குலப் பெட்டி. ஸாட்டா என்ற இணைப்பைக் கொண்டது. பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். மற்றொன்று எம்.2 என்ற சிறு பட்டை. இது 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. 2280 என்று இதன்மேல் எழுதியிருப்பதற்கு அர்த்தம் அதுதான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயரேயன்றி, உள்ளே பேசப்படும் பாஷையின் பெயரன்று. ஒரே வடிவத்துப் பட்டைகளில் சில ஸாட்டா பாஷை பேசும்; சில என்.வி.எம்.ஈ. பாஷை பேசும். யந்திரத்திலுள்ள எம்.2 துவாரங்களிலும் சில ஸாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்.வி.எம்.ஈ.யை மட்டும் ஏற்கும். சில இரண்டையும் ஏற்கும். பட்டை கச்சிதமாகப் பொருந்தியும் யந்திரம் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று முறையிடுபவர்களின் கதை பெரும்பாலும் இதுவே. ஆகையால் "எம்.2 எஸ்.எஸ்.டி. ஒன்று கொடுங்கள்" என்று கடையில் கேட்பது போதாது. மாடல் எண்ணைச் சொல்லி, எந்த பாஷை என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும். எம்.2 துவாரமே இல்லாத பழைய யந்திரக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு இரண்டரை அங்குல ஸாட்டாதான் வழி. தற்காலத்து எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர் கனமே இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் இருந்திருந்தால், இடையில் ஒரு மெல்லிய சட்டம் வைத்து இறுக்கிக்கொள்ளலாம். மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஸாட்டா கம்பி ஒன்று உபரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போவது, இரண்டாம் முறை பஸ் ஏறும் செலவை மிச்சப்படுத்தும்.

பொருத்தம் முடிந்தது; இனி வேகத்தைக் கவனிப்போம். ஸாட்டா எஸ்.எஸ்.டி. விநாடிக்கு ஏறக்குறைய 550 மெகாபைட் வரை படிக்கும். என்.வி.எம்.ஈ.யில் மூன்றாம் தலைமுறை 3,500 வரையிலும், நான்காம் தலைமுறை 7,000 வரையிலும், ஐந்தாம் தலைமுறை 14,000 வரையிலும் எட்டுகின்றன. இந்த எண்களைப் பார்த்ததும், நான்கு மடங்கு பணம் கொடுத்தாலும் தகும் என்ற ஆசை எழுவது இயற்கை. ஆனால் இவை ஒரே பெரிய கோப்பை நேர்க்கோட்டில் படிக்கும்போது கிடைக்கும் வேகங்கள். திறந்த நெடுஞ்சாலையில் கார் எவ்வளவு வேகம் போகும் என்பதைக் கொண்டு, மயிலாப்பூர் மாட வீதியில் எவ்வளவு சீக்கிரம் போகலாம் என்று கணக்கிட முடியுமா? வீட்டில் நடக்கும் வேலைகளோ மாட வீதி வேலைகள்: சிறு சிறு துணுக்குகளாகத் தேடி எடுப்பவை. ஹார்ட் டிஸ்க்கை விட்டு எந்த நல்ல எஸ்.எஸ்.டி.க்கு வந்தாலும் வித்தியாசம் வீட்டிலுள்ள தாத்தாவுக்குக்கூடத் தெரியும். ஸாட்டாவிலிருந்து ஐந்தாம் தலைமுறைக்குப் போனால், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். பெரிய சலனப் படங்களை வெட்டி ஒட்டும் தொழிலாளருக்கு அந்த வேகம் ஊதியம் தரும். சம்சாரிக்கு அது பெட்டியின்மேல் உள்ள அலங்காரம். அதிவேகச் சாதனங்கள் சூடேறுவதும் அதிகம் என்பதை நம் சித்திரை மாதத்தை அறிந்தவர்கள் கவனிக்க வேண்டும்.

என்.வி.எம்.ஈ. துவாரம் உள்ள யந்திரமானால் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறையில் சாதாரண வகை ஒன்று போதும். பல சமயங்களில் அதன் விலை ஸாட்டாவைவிட அதிகமிராது. துவாரம் இல்லாவிட்டால் ஸாட்டாவே போதும், அதில் குறையொன்றுமில்லை.

கொள்ளளவு எவ்வளவு வேண்டும்? 120 ஜி.பி. என்று மிக மலிவாக விற்பதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். விண்டோஸ் 11 என்னும் விருந்தாளிக்கே குறைந்தபட்சம் 64 ஜி.பி. இடம் ஒதுக்க வேண்டுமென்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. மிஞ்சிய இடத்தில் குடும்பம் நடத்துவது கடினம். கடிதம், கணக்கு, பாடம் என்பதோடு நிற்கும் வீட்டுக்கு 240 அல்லது 256 ஜி.பி. போதும். புகைப்படங்கள் சேருகிற வீட்டுக்கு 500 ஜி.பி.யே நடுநிலையான அளவு. வாங்கி மாட்டியதும் 465 ஜி.பி. என்று காட்டுகிறதே, கடைக்காரர் மோசம் செய்துவிட்டாரோ என்று அஞ்ச வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 ஆகப் பெருக்கி எண்ணுகிறது. பொருள் ஒன்றே, படிதான் வேறு. எந்த எஸ்.எஸ்.டி.யாயினும் விளிம்பு வரை நிரப்பாமல், பத்தில் ஒரு பங்காவது காலியாக விட்டால் அது சுறுசுறுப்போடு வேலை செய்யும்.

இனி உள்ளே இருக்கும் சரக்கு. டி.எல்.ஸி., க்யூ.எல்.ஸி. என்று இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. ஓர் அளவுப் பாத்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் இவை எளிதில் விளங்கும். பாத்திரம் காலி அல்லது நிறைவு என்று இரண்டே நிலைகளைப் பார்ப்பதானால் யாரும் தவற மாட்டார்கள். ஆதியில் ஒவ்வொரு அறையும் அப்படித்தான் இருந்தது. டி.எல்.ஸி.யில் அதே பாத்திரத்தில் எட்டு அளவுகளைக் குறித்து, எதுவரை நிரம்பியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். க்யூ.எல்.ஸி.யில் பதினாறு அளவுகள். ஒரே பாத்திரத்தில் அதிகச் செய்தி அடங்குவதால் விலை குறைகிறது. ஆனால் கோடுகள் நெருங்க நெருங்க, ஊற்றுகிறவர் நிதானமாக ஊற்ற வேண்டியிருக்கிறது. பாத்திரமும் சீக்கிரம் தேய்கிறது.

இந்தக் குறை தெரியாமலிருக்க, சேமிப்பகத்தின் ஒரு பகுதியை வேகமான முன்வாசலாக வைத்துக்கொள்கிறார்கள். வருகிற சரக்கை முதலில் அங்கே இறக்கி, பிறகு ஓய்வாக உள்ளே அடுக்குகிறார்கள். முன்வாசல் நிரம்பிவிட்டால் உண்மையான வேகம் வெளிப்பட்டுவிடும். உதாரணமாக, சாம்சங் கம்பெனியின் 870 க்யூ.வி.ஓ. என்ற க்யூ.எல்.ஸி. வகையில், 1 டி.பி. கொள்ளளவு உள்ளதற்கு முன்வாசல் 42 ஜி.பி. வரை என்றும், அது நிரம்பிய பிறகு எழுதும் வேகம் விநாடிக்கு 80 மெகாபைட் என்றும் அந்தக் கம்பெனியாரே அறிவித்திருக்கிறார்கள். அதாவது சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடுகிறது. ஆனால் ஒரே மூச்சில் 42 ஜி.பி. எழுதுகிற சந்தர்ப்பம் சாதாரண வீட்டில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும்? ஆகவே க்யூ.எல்.ஸி. என்றதும் தீண்டக்கூடாத பொருள் என்று ஒதுக்க வேண்டியதில்லை. விலையில் நல்ல வித்தியாசம் இருந்தால் வாங்கலாம். வித்தியாசம் சொற்பமானால் டி.எல்.ஸி.யே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

தேய்மானத்தைப் பற்றிப் பலருக்கு வீண் பயம் இருக்கிறது. உற்பத்தியாளர்கள் டி.பி.டபிள்யூ. என்ற கணக்கை வெளியிடுகிறார்கள். வாரண்டிக் காலத்துக்குள் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதே அது. மேலே சொன்ன க்யூ.வி.ஓ.வுக்கு 1 டி.பி. அளவில் இது 360. அதே கம்பெனியின் 870 ஈவோ என்ற டி.எல்.ஸி. வகைக்கு அதே அளவில் 600; 500 ஜி.பி. அளவில் 300. தினந்தோறும் 20 ஜி.பி. எழுதுகிற குடும்பம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 300 டெராபைட்டை எழுதி முடிக்க 15,000 நாட்கள், ஏறக்குறைய நாற்பத்தொரு வருஷங்கள் ஆகும்! அதற்குள் வாரண்டிக் காலமும் தீர்ந்து, அந்தக் கம்ப்யூட்டரும் பரணுக்குப் போய்விடும். எனவே இந்த எண்ணை ஆயுள் ஜாதகமாகக் கொள்ளாமல், உற்பத்தியாளருக்குத் தம் சரக்கின்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் கொள்ளலாம். மூன்று வருஷ வாரண்டி தருகிறாரா, ஐந்து வருஷம் தருகிறாரா என்பதும் அத்தகைய அடையாளமே.

ஆனால் பெயரை மட்டும் நம்பி வாங்குவதிலும் ஓர் அபாயம் இருக்கிறது. பெயர் மாறாமலே சரக்கு மாறிவிடுவதுண்டு. 2021-ம் வருஷத்தில் க்ரூஷியல் பி2 என்ற எஸ்.எஸ்.டி. முதலில் டி.எல்.ஸி.யோடு வெளிவந்து, பிறகு அதே பெயரில் க்யூ.எல்.ஸி.யோடு விற்கப்பட்டது பரிசோதகர்களால் வெளியாயிற்று. அதே வருஷத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் எஸ்.என்.550 என்ற வகையிலும் உட்சரக்கு மாறி, முன்வாசல் நிரம்பிய பிறகு கிடைக்கும் வேகம் குறைந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. இனி வெளியிட்ட கணக்கைப் பாதிக்கும் மாறுதல் செய்தால் புதிய மாடல் எண் கொடுப்போம் என்று அக்கம்பெனியார் அப்போது வாக்களித்தார்கள். ஆகையால் நாலு வருஷத்துக்கு முன்பு யாரோ எழுதிய புகழுரையைப் படித்துவிட்டு இன்று வாங்குவது புத்திசாலித்தனமாகாது. அண்மையில் வெளியான பரிசோதனையைப் பாருங்கள். கம்பெனியின் இன்றைய கணக்குத் தாளையும் பாருங்கள்.

பெரிய கம்பெனிகளின் சூழ்ச்சி இவ்வளவென்றால், பெயரில்லாப் பேர்வழிகளின் சூழ்ச்சி இன்னும் அதிகம். 16 டி.பி. கொள்ளளவுள்ள வெளிப்புற எஸ்.எஸ்.டி. சில நூறு ரூபாய்க்கு என்று இணையத்து அங்காடிகளில் விளம்பரங்கள் தோன்றுவதுண்டு. அத்தகையவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது, சிறு மெமரி கார்டு ஒன்றைத்தான். கம்ப்யூட்டரிடம் அது 16 டி.பி. என்று கூசாமல் பொய் சொல்லும். எழுதுவதையெல்லாம் வாங்கிக்கொள்வதாகவும் பாவனை செய்யும். திரும்பக் கேட்கும்போதுதான் முன்பு எழுதியதன்மேலேயே மறுபடி எழுதி அழித்துவிட்டிருப்பது தெரியும். குடும்பப் படங்களை அதில் வைத்துவிட்டு, மூலத்தை அழித்தவர்களின் கதி என்ன? எந்தப் புதுச் சாதனத்தையும், திருப்பிக் கொடுக்கும் தவணை முடியுமுன், எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது லினக்ஸில் எப்3 என்ற இலவசப் பரிசோதகத்தைக் கொண்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்துவிடுங்கள். ஒரு பகல் பொழுது ஆகலாம்; அதற்குமேல் நிம்மதி.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இச்சரக்கின் விலை தக்காளி விலையைப்போல் ஏறி இறங்குவது. 2023-ம் வருஷத்தில் உற்பத்தி மிகுந்து, விலை வெகுவாக இறங்கியிருந்தது. 2025-ம் வருஷக் கடைசியில், செயற்கை அறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிக்கவே, விலை மளமளவென்று ஏறிற்று. க்ரூஷியல் என்ற பெயரில் வீடுகளுக்கு விற்றுவந்த மைக்ரான் கம்பெனி, அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ஆகையால் ரூபாய்க் கணக்கு ஏதும் நாம் இங்கே எழுதவில்லை. எழுதினால் இதழ் உங்கள் கைக்கு வருமுன் அது பழங்கணக்காகிவிடும். கேட்ட விலையை ஜி.பி. எண்ணிக்கையால் வகுத்து, ஒரு ஜி.பி.க்கு என்ன விலை என்று பாருங்கள். மூன்று நான்கு பெயர்களை இப்படி ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். நியாயமான பெயர்களெல்லாம் ஒரு விலையில் நிற்க, ஒன்று மட்டும் பாதி விலையில் நின்றால், அந்தப் பாதி எங்கே குறைந்தது என்று கேட்பது வாங்குகிறவரின் கடமை. கையிலுள்ள பணம் போதாவிட்டால், பெயரில்லாத பெரிய கொள்ளளவைவிட, பெயருள்ள சிறிய கொள்ளளவே மேல்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, இணையத்தில் வாங்கினாலும் சரி, வரிசை எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "ரசீது இல்லாமல் நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், அவர் குறைப்பது நூறு ரூபாயை மட்டுமல்ல, உங்கள் வாரண்டியையும் சேர்த்துத்தான். கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்த வரிசை எண்ணைப் பதிந்து, இந்தியாவில் எத்தனை காலம் வாரண்டி உண்டு என்பதை அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னபின், எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பெரும்பாலும் 'கடகட'வென்று முனகி எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. பல சமயங்களில் வாய் திறவாமலே போய்விடுகிறது. நேற்றிரவு நன்றாக இருந்தது, இன்று காலையில் யந்திரத்தின் கண்ணுக்கே தெரியாது. அதில் அழிந்ததை மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கில் மீட்பதைவிடக் கடினம். பல சமயங்களில் இயலாத காரியம். திடீரென்று மின்சாரம் நின்றுபோவதும் அதற்கு ஆகாது. மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஒரு சிறு யு.பி.எஸ். இருப்பது நல்லது. வாரண்டி இருக்கிறதே என்று கேட்கலாம். வாரண்டி புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றைத் தரும், காலஞ்சென்ற பாட்டியின் படத்தைத் தராது.

ஆகவே அதிவேக வகையை வாங்காமல் நீங்கள் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு சிறு பகுதியை இதற்காக ஒதுக்கி வையுங்கள். லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள். கடைக்காரரிடம் விட்டுவிட்டும் வராதீர்கள். அதில் உங்கள் வீட்டு ரகசியமெல்லாம் இருக்கிறது. யு.எஸ்.பி. கம்பியோடு கூடிய வெளிப்பெட்டி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும். அந்த ஹார்ட் டிஸ்க் இன்னும் ஆரோக்கியமாக இருக்கிறதென்று பரிசோதித்துக்கொண்டு, அதை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டால், மாதம் ஒருமுறை முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்க அதுவே உதவும். கிழவரானாலும், ஓடியாடி வேலை செய்யச் சொல்லாமல் பெட்டிச் சாவியை மட்டும் ஒப்படைத்தால், நன்றாகவே காவல் காப்பார். அது நோயுற்றிருந்தால் புதிய வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் காவல் வேலைக்கு எஸ்.எஸ்.டி.யை அலமாரியில் பூட்டி வைப்பது அவ்வளவு உசிதமன்று. ஜெடெக் என்ற சர்வதேச நிர்ணய சபையின் விதிப்படி, வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி. தன் எழுத்துக் கணக்கைத் தீர்த்த நிலையில், மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் பதிவுகளைக் காத்தால் போதும். புதியது இதைவிட நெடுநாள் காக்கும் என்பது உண்மையே. ஆனால் வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் குறையும். நம் ஊர் அலமாரிகள் 30 டிகிரியோடு நிற்பவையல்ல.

கடைக்குப் போகிறவர்கள் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: முதலில் நோயை நிச்சயம் செய்வது, பிறகு பொருத்தம், பிறகு கொள்ளளவு, பிறகு பெயரும் வாரண்டியும் ரசீதும், வேகம் எல்லாவற்றுக்கும் கடைசியில். வீட்டுக்கு வந்து மாட்டியதும், புதிய வேகத்தைக் கண்டு குழந்தைகள் ஆரவாரம் செய்யும் அந்த நல்ல நாளிலேயே முதல் பிரதியையும் எடுத்துவிடுங்கள். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவது மனித இயல்பு. அந்த நாளைக்குள் எஸ்.எஸ்.டி. போய்விட்டால், அதில் இருந்தவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.